வெற்றுப் பையில் இருந்த காற்று

எங்கிருந்து வருகிறாய் என்று காற்றை விசாரிப்பதுதான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

மொட்டை மாடி

கோவளத்தில் ஜைனம்பு வீட்டு மொட்டை மாடியில் எங்கள் பெட்டியை வைத்தோம். மணிக்கு ஒரு பை வீதம் அது காற்றை இழுத்து நிரப்பும். செங்கல்பட்டுப் பக்கம் எரியும் குப்பைமேட்டுப் புகையால்தான் தன் மகளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஜைனம்பு மனு கொடுத்திருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து புகை வருவதற்கு அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். அதற்காகத்தான் நாங்கள் போனோம். அவள் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"கோவளம் வர்றவங்க மீனு எடுத்துகினு போவாங்க. நீ இன்னாக்கா, காத்த பையில கட்டிகினு போற?"

மணமில்லாத வாயு

குப்பைமேட்டோரம் சிலிண்டரைத் திறந்து ஒரு வாயுவை விடுவோம். நிறமில்லை, மணமில்லை. ஊர்க்காற்றில் அது இல்லை என்றே சொல்லலாம். கடற்கரைப் பையில் அது அகப்பட்டால், புகையும் அதே வழியில் வந்திருக்கிறது என்று பொருள். தென்மேற்குக் காற்று கோவளத்தை நோக்கி வீசும் நாளுக்குக் காத்திருந்து திறந்தேன். காவலாளி மூக்கை நீட்டியபடி நெடுநேரம் நின்றார். பிறகு இரக்கத்தோடு சொன்னார்:

"ஒண்ணியும் காணோமே மேடம். காலி சிலிண்டர குடுத்து உன்ன ஏமாத்திட்டானுங்க."

ஒரே ஜீப்

வாயு விட்டவர் பையைத் தொடக்கூடாது. சிலிண்டர் ஏறிய வண்டியில் பை ஏறக்கூடாது. உடையிலும் வண்டியிலும் தங்கிய வாயு பைக்குள் புகுந்துவிடும். அன்று பைகளை வைத்து எடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். காற்று திசை மாறிவிடுமே என்ற பதற்றத்தில், சிலிண்டர் கிடந்த ஜீப்பிலேயே பைகளோடு நானே கோவளம் போய்வந்தேன்.

எல்லாப் பைகளிலும் வாயு இருந்தது. ஒரு கணம் மகிழ்ந்தேன். சுத்தமான காற்றை அடைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே திறக்காமல் கொண்டுபோய்த் திரும்பிய பை ஒன்று உண்டு. வெற்றுப் பை என்போம். அதிலும் இருந்தது. ஆய்வகத் தோழி தாளை மேஜைமேல் வைத்தாள்.

"புகை வந்துச்சான்னு தெரியல. நீங்க போனது மட்டும் நல்லாத் தெரியுது."

பதில்

அந்தத் தென்மேற்குக் காற்று இனி அடுத்த வருஷம்தான். மனு மீதான விசாரணைக்கோ பத்தே நாள். "வரவில்லை என்று அர்த்தமில்லை, எங்களால் சொல்ல முடியவில்லை என்றுதான் அர்த்தம்" என்று ஜைனம்பு வீட்டு வாசலில் நின்று சொன்னேன். வாக்கியம் அழகாக அமைந்துவிட்டதில் எனக்கே கூசியது. உள்ளே அவள் மகளின் ஒவ்வொரு மூச்சும் மெல்லிய விசிலில் முடிந்துகொண்டிருந்தது.

ஜைனம்பு கோபப்படவில்லை.

"பை கெட்டுப்போச்சுன்னா வுடுக்கா. எம் பொண்ணு நெஞ்சுல ரெண்டு பை கீதே, அது உன் ஜீப்புல ஏறவே இல்லியே?"

இத்தனை வருஷத்தில் காற்று தான் வந்த வழியை ஒருநாளும் மறைத்ததில்லை; ஒரு தடவை மறைத்தவள் நான், அதற்கு மட்டும் அந்த வெற்றுப் பையில் ஆதாரம் இருக்கிறது.