மரத்துப்போன உதடு

"குடிச்சிட்டு ஊதினான்னு யாருடி சொன்னது? என் தம்பி காப்பிக்கு மேல எதையும் தொட்டதில்ல," என்று அக்கா பக்கத்து வீட்டுக்காரியை மடக்கினாள்.

"அவரே ஒத்துக்கிட்டாராமேக்கா."

இசைக்குழுவில் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியை வாசித்த தம்பிக்கு முன்பல் ஆடியது. வலி தெரியாமலிருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஈறில் தடவிக்கொண்டு மேடையேறினான். உதடும் சேர்ந்து மரத்துவிட, தனியாக ஊதவேண்டிய இடத்தில் வெறும் காற்றும் எச்சிலுமே வந்தன.

"உண்மையைச் சொல்லேன்டா," என்று அக்கா அன்றே கெஞ்சினாள்.

"குடின்னா ஒரு தடவை மன்னிப்பாங்கக்கா. பல்லு போகுதுன்னா இனி ஊதவே முடியாதுன்னு வேற ஆளைத் தேடுவாங்க."

இசைக்குழு மன்னிக்கவில்லை; அவனை நீக்கிவிட்டது. அவனிடம் ஹார்ன் கற்ற பிள்ளைகளையும் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். ஒரு காலை ஹார்னைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

"சாப்பிட்டுட்டுப் போடா."

"பசிக்கலக்கா," என்று வெறுங்கையோடு வாசலிறங்கினான். வலது கை மட்டும், ஊதும்போது ஹார்னின் விரிந்த வாய்க்குள் வைத்திருப்பதுபோல் குவிந்தே இருந்தது.