டேங்கின் முதுகில் ஒரு பிள்ளையார் சுழி

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொல்கிறவர்களை எங்கள் தேங்காய்ப்பால் தொழிற்சாலைக்கு ஒரு நாள் கூட்டி வந்து காட்ட வேண்டும். வடகரைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. சாரல் மாதங்களில் அங்கே சுவரே வேர்க்கும். வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்யாமல் விட்டால் எப்பேர்ப்பட்ட தகடும் பழுப்பேறிவிடும். பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற எனக்குத் துரு ஜென்ம விரோதி. ஒரே ஒரு இடத்துத் துருவை மட்டும் கண்டும் காணாமல் விட்டு வைத்திருந்தேன்.

அது பெரிய டேங்கின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்தது. என் தம்பி போட்ட பிள்ளையார் சுழி. அவன் ஆர்கான் வெல்டர். டேங்கின் அடியில் கசிவு வந்தபோது அவனைத்தான் ஒட்டக் கூப்பிட்டோம். மற்றவர்கள் தாளில் போடுவதை அவன் வெல்டிங் டார்ச்சால் தகட்டிலேயே போட்டுவிட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்குவான். தகடு உருகாது, சூட்டில் நிறம் மட்டும் மாறும். ஓரத்தில் பொன்னிறம், நடுவில் மயில்கழுத்து நீலம்.

"ஏலே, இது கம்பெனி டேங்கு, ஒன் கல்யாணப் பத்திரிகை இல்ல" என்று திட்டினேன்.

"பிள்ளையார் இருந்தா ஒழுகாதுக்கா" என்றான்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பாக்கியம் எங்களுக்கு இல்லை. அந்த வேலை முடிந்து சில மாதத்தில், புளியரையிலிருந்து பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துபோனான்.

சுழியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து, "ஒரு தரம் தொட்டுப் பாத்துட்டு வந்திருதேன் ட்டீ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உணவுத் தொழிற்சாலைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். செல்போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதனால் படமும் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். இதற்குள் சுழியைச் சுற்றித் துரு படர ஆரம்பித்தது.

இந்த வருடம் ஆய்வுக்கு வந்தவர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் போலக் குறை தேடுகிற ஆள். டேங்கின் பின்னால் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சுழியைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டார். பால் படாத வெளிப்பக்கம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். துரு துருதான் என்றார். அவர் சொன்னது சரி என்பதுதான் என் எரிச்சலே.

எல்லா வெல்டிங் இடங்களையும் லேசரால் சுத்தம் செய்ய ஏற்பாடானது. முன்பெல்லாம் ஆசிட் பசை தடவி, கை எரிய எரியத் தேய்ப்போம். லேசருக்கு அந்தத் தொல்லை இல்லை. தலைமுடி உலர்த்துகிற மெஷின் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து ஒளியை ஓட்டினால், சடசடவென்று பொரிந்து, கறையும் துருவும் புகையாகப் போய்விடும். தகட்டுக்குக் கீறல்கூட விழாது. கடையநல்லூர்க்காரர் ஒருவர் அந்த மெஷினோடு வந்தார். துபாயில் பல வருடம் இதே வேலை பார்த்தவர், தங்கமான மனிதர்.

ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை வேலை. மேனேஜரிடம் கெஞ்சி அம்மாவுக்கு அனுமதி வாங்கினேன். அழிக்கத்தான் போகிறோம், அதற்கு முன்னால் அவள் ஒரு முறை பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். காலையில் லேசர்காரரிடம், "பெரிய டேங்கைக் கடைசியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்கம்மா வாறாங்க, அதப் பாக்கணும்னு ரொம்ப ஆசைப்படுதாங்க" என்றேன். தம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் மெஷினுக்குப் பிளக் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவரும் தலையாட்டினார்.

தென்காசியிலிருந்து அம்மா ஏறிய பஸ் குற்றாலம் சீசன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. நான் கேட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அவள் வந்ததும் தலைக்கு வலைத்தொப்பி மாட்டி, காலுக்கு உறை போட்டு உள்ளே கூட்டிப் போனேன். தொப்பியில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது.

லேசர்காரர் பெரிய டேங்கின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அம்மா வாறாங்கன்னு சொன்னியள்லா மேடம். அழுக்கா இருந்தா நல்லாருக்குமா? அதான் மத்தத நிப்பாட்டிட்டு இத முதல்ல முடிச்சிட்டேன். பின்னால ஒரு இடத்துல கறை நல்லா ஏறியிருந்துச்சு. இப்ப பாருங்க."

பார்த்தேன். சுழி இல்லை, வட்டம் இல்லை, வெறும் வெள்ளைத் தகடு. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

"எங்கன ட்டீ?" என்றாள் அம்மா. நான் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தாள். பிறகு அவரிடம், "நல்லா சுத்தமா இருக்குய்யா" என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

அன்று நானே அவளை வீட்டில் கொண்டு விடப் போனேன். பஸ் இலஞ்சியைத் தாண்டியது. அம்மா கேட்டாள்.

"பெருசாப் போட்டிருந்தானா?"

"சின்னதுதாம்மா."

"சுழிக்குக் கீழ கோடு இழுத்திருந்தானா? ஒரு கோடா, ரெண்டா? பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ரெண்டு கோடு போடணும்னு நான்தான் கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தேன்."

தினமும் அந்த டேங்கைச் சுற்றி வந்தவள் நான். நீலம் நினைவிருக்கிறது, பொன்னிறம் நினைவிருக்கிறது, துரு எவ்வளவு தூரம் படர்ந்திருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. கோடு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இனிப் போய்ப் பார்க்கவும் முடியாது.

"ரெண்டு கோடும்மா" என்றேன்.

"மறக்கல பாத்தியா" என்றாள்.