ஆள் தலைக்கு மேல் போகாதவர்

செய்தி வந்தபோது காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். செங்கல்பட்டு போகும் மின்ரயிலில் கதவோரம் நின்றிருந்தேன். வண்டி ஊரப்பாக்கம் தாண்டியிருந்தது. கைபேசியில் என் அக்கா கணவரின் பெயர் தெரிந்தது. "சொல்லுங்க மாமா" என்றேன். பேசியது அவரில்லை, அவரோடு வேலை செய்யும் சிட்டிபாபு.

"எபி சார், நான் சிட்டி பேசறேன். அண்ணன் வயல்ல குந்தினாரு சார். அப்டியே சாஞ்சிட்டாரு. மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்தோம். டாக்டரு பாத்துட்டுக் கைய விரிச்சிட்டாரு." அதோடு, "மிஷின் பத்திரமா கீது சார். எறக்கிட்டுத்தான் அண்ணன் குந்தினாரு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஏன் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அடக்கம் முடிந்து எட்டு நாளாகிறது. இப்போது விளங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமாவின் பெயர் அசரியா. மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டினார். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். மேலே கூண்டுக்குள் அவர். கீழே சங்கிலியில் எட்டு டன் இரும்பு அச்சு. ஆள் தலைக்கு மேல் சரக்கு போகக் கூடாது என்பது அங்கே சுவரில் எழுதிவைத்த விதி. அவசரத்தில் எல்லோரும் அதை மீறுவார்கள். மாமா மீறமாட்டார். கீழே யாராவது டீ குடித்துக்கொண்டு நின்றால் மணியை அடிப்பார். அப்படியும் நகரவில்லையென்றால், அந்த ஆள் குடித்து முடிக்கும்வரை எட்டு டன்னும் அந்தரத்தில் காத்திருக்கும். மேற்பார்வையாளர் கீழே நின்று கத்துவார். "கத்தட்டும். கத்துறதுக்குத் தலை இருக்குதுல்ல" என்பார் மாமா.

அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். ஐம்பத்து இரண்டு வயதில் சேலையூர் வீட்டில் உட்கார்ந்தார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை வந்தது. "சும்மா நிக்கிறதுக்கு எனக்கு எதுக்குக் கை?" என்று மறுத்துவிட்டார். மூன்று மாதம் தெருவிலிருந்த மிக்ஸிகளையெல்லாம் பழுது பார்த்தார். பிறகு மதுராந்தகம் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனபோது, நெல்வயல் ஒன்றில் ட்ரோன் மருந்தடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மச்சான், அதுவும் கிரேன்தான்டா. பத்து லிட்டர் தூக்குது. கூண்டு மட்டும் தரையில இருக்கு."

அதை ஓட்டப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மருந்தடிக்கும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர் ஒருவர், "சர்டிபிகேட்டோட வாங்க, சம்பாவுக்கு மிஷின் உங்க கையில" என்று சொல்லியிருந்தார். தன் கையை நம்பி மறுபடியும் ஒரு சரக்கைக் கொடுப்பார்களா? மாமாவுக்கு அப்போதிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

பயிற்சிப் பள்ளியின் மைதானம் செங்கல்பட்டுக்கும் அப்பால் இருந்தது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் எங்கள் பக்கம் வரைபடத்தில் முழுக்கச் சிவப்பு. அனுமதியில்லாமல் ஒரு முழ உயரம்கூடப் பறக்கவிடக் கூடாது. இதை மாமா முதல் நாள் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்து தெருவுக்கெல்லாம் சொன்னார். அதனால் வந்தது வினை. மாடம்பாக்கத்தில் நிலம் வைத்திருக்கும் சம்பந்தம், மாமாவுக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர், தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ட்ரோனில் படம் பிடித்துத் தரச் சொன்னார்.

"முடியாது சம்பந்தம். ரெட் ஸோன்."

"போன மாசம் எதிர் வூட்ல பறந்துதேப்பா! ஊரே பாத்துது."

"அவன் பைலட் இல்ல, சம்பந்தம்."

"நீ மட்டும் இன்னா பைலட்டா? இன்னும் பாஸே ஆவல."

"அதான் சொல்றேன். பாஸ் ஆவறதுக்கு முன்னாடியே ஃபெயில் ஆகச் சொல்றியே!"

சம்பந்தம் அதன்பின் அவரோடு பேசவேயில்லை. அடக்கத்தன்று வந்து, கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். மாமாதான் மூத்தவர். சொல்லிக்கொடுத்த அனுப்பிரியாவுக்கு வயது இருபத்தேழு. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் ஒரு பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும். ஒருவர் கேட்க, ஓட்டுபவர் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வி இயந்திரத்தைப் பற்றியது அல்ல: பைலட் எப்படி இருக்கிறார்? தூங்கினாரா, சாப்பிட்டாரா, உடம்புக்கு ஏதாவது உண்டா? மற்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "இருபத்தாறு வருஷத்துல ஒருத்தன் என்னைய இதக் கேட்டதில்ல மேடம்" என்றாராம்.

படிப்பிலும் எழுத்துத் தேர்விலும் தடங்கல் இல்லை. மைதானத்தில்தான் விழுந்தார். தேர்வின் கடைசிப் பகுதியில் செயற்கைக்கோள் உதவியை அணைத்துவிடுவார்கள். அதன்பின் ட்ரோன் தானாக நிற்காது. காற்று தள்ளும் பக்கம் நகரும். கொடிகளுக்கு நடுவே அதை இரண்டு நிமிடம் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். காற்று வலது பக்கம் தள்ளியது. மாமாவின் கட்டைவிரலும் வலது பக்கமே தள்ளியது. ட்ரோன் கொடியைத் தாண்டி வேலிக்குப் போய்விட்டது. அனுப்பிரியா தன் கையிலிருந்த மாற்றுக் கருவியால் அதை இறக்கி, தேர்வை நிறுத்தினார்.

"சார், நீங்க அதுக்கு எதிரா இழுக்கணும். நீங்க அது பின்னாடியே ஓடுறீங்க."

அது பதற்றத்தில் வந்த தவறல்ல. தொங்கும் சரக்கு வலது பக்கம் ஆடினால் கிரேனையும் வலது பக்கம் ஓட்டி, சரக்கின் தலைக்கு நேரே நிறுத்துவார்கள். ஆட்டம் அடங்கிவிடும். இருபத்தாறு வருடம் அவர் கை அதைத்தான் செய்திருக்கிறது. தொழிற்சாலையில் அவரைப் பெரிய ஆளாக்கிய அதே பழக்கம், இங்கே அவரைத் தோற்கடித்துவிட்டது.

மறு தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் பறக்கவிட முடியாது. கணினியில் பழகியதும் போதவில்லை. அப்போது அவர் கண்டுபிடித்த வழி இன்றும் எங்கள் தெருவில் வேடிக்கைப் பேச்சு. மொட்டை மாடியில் என் அக்கா ரத்தினபாய்தான் ட்ரோன். நான் காற்று. நான் அக்காவின் தோளை ஒரு பக்கமாகத் தள்ளுவேன். மாமா ஒரு பழைய டிவி ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, விரலை எந்தப் பக்கம் தள்ளினாரோ அந்தப் பக்கத்தைச் சொல்ல, அக்கா அப்படியே நடக்க வேண்டும்.

"வலது."

"எபி என்னைய வலது பக்கந்தானே தள்ளுறான்? நீங்களும் வலதுன்னா தண்ணி டேங்க்லதான் போய் முட்டுவேன்."

"முட்டு. அப்பத்தான் எனக்குப் புத்தி வரும்."

"உங்களுக்குப் புத்தி வர்றதுக்கு நான் முட்டணுமா? நல்லா இருக்குதே! முப்பது வருஷமா நீங்க சொன்ன பக்கம் நடக்காதவ, இப்ப டிவி ரிமோட்டுக்கு நடக்குறேன்."

முதல் வாரம் அக்கா பல தடவை தொட்டியில் முட்டினாள். இரண்டாவது வாரம் துணி உலர்த்தும் கயிறு வரை போய்த் திரும்பினாள். மூன்றாவது வாரம் நான் எந்தப் பக்கம் தள்ளினாலும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மறு தேர்வில் ட்ரோன் கொடிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் நின்றது. சான்றிதழ் கைபேசிக்கு வந்த அன்று, கேம்ப் ரோடு கடையில் அச்செடுத்து லேமினேட் செய்து, முதலில் அக்கா கையில்தான் கொடுத்தார்.

சம்பா பருவத்திலிருந்து பதினான்கு மாதம் வேலை செய்தார். சிட்டிபாபு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக் குரல் கொடுப்பது அவர் பொறுப்பு. பக்கத்து வயலில் ஆள் இருந்தால் மாமா சுற்றித்தான் போவார். வயல்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். வேறு ஒருவர் அரை நாளில் முடிப்பதற்கு இவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடும். ஆனாலும் மறுபடி அவரையே கேட்டு வாங்கினார்கள். அவர் அடித்த வயலில் ஒரு வரப்பில்கூட மருந்து சிந்தியிருக்காது.

ஒன்றில் மட்டும் அவர் செய்தது சரியில்லை. இரண்டு மாதமாகப் படியேறும்போது மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போகச் சொன்ன அக்காவுக்கு மருந்தடிக்கும் பருவத்தைக் காரணம் காட்டினார்.

அன்றைக்கு சுப்பராயலு என்பவரின் வயல். காலையில் சிட்டிபாபு பட்டியலின் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார். "தூக்கம் கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்லா இருக்கேன்" என்று மாமா சொல்லியிருக்கிறார். மூன்று முறை தொட்டி நிரப்பி அடித்தாயிற்று. நான்காவது முறை பாதித் தொட்டி அடித்திருந்தபோது, "சிட்டி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. எறக்குறேன்" என்றாராம். இறங்கும் தளத்துக்கு நேர்வழி, ஏழெட்டுப் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வயலுக்கு மேலே.

"நேரா வந்தா அரை நிமிசம் சார்," என்றார் சிட்டிபாபு. அடக்கத்தன்று எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "நானே கத்தினேன், நேரா வாண்ணான்னு. கேக்கல. வேர்த்து ஊத்துது, கால்வா ஓரமாவே சுத்திகினு வராரு. அந்தப் பொம்பளைங்க நிமிந்துகூடப் பாக்கல சார்."

இறக்கினார். இறக்கைகள் நிற்கும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பேட்டரியைக் கழற்றச் சொன்னார். பறப்புப் பதிவேட்டை வாங்கி, இறங்கிய நேரம் 7.52 என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், "பைலட் உடல்நிலை சரியில்லை. நிறுத்தப்பட்டது" என்று எழுதி ஒப்பமிட்டார். பிறகுதான் வரப்பில் உட்கார்ந்தார்.

பதிவேடு இப்போது என்னிடம் இருக்கிறது. கையெழுத்து கோணவில்லை.

சுப்பராயலுவின் வயலில், வடக்கு வரப்பை ஒட்டி முப்பது சென்ட் இன்னும் மருந்து அடிக்கப்படாமல் இருக்கிறது.