கடையிலிருந்து கணினியை எழுப்பியவள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. கதவைச் சாத்தி இயந்திரத்தை ஓட விட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. வீட்டில் கணவன் படுத்த படுக்கை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் வேலை செய்யும்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் ஓய்ந்துவிட்டது. தலையை அசைத்தால் கேமரா அதைப் பார்த்துக் கணினியில் அம்புக்குறியை நகர்த்தும். படிப்பு, பேச்சு, அவளோடு போடும் சண்டை எல்லாம் அதன் வழியாகத்தான்.

கணினியோ அரதப் பழசு. சூடேறினால் தூங்கிப்போகும். அதை எழுப்பும் பொத்தான் நாலடி தள்ளி இருந்தது. சாப்பாடு ஊட்டப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மணிக்கு வரும்வரை அவன் மேலே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"இன்னைக்கு ஒன்பதரைக்கே போயிடுச்சு," என்றான் ஒரு நாள். "சீலிங்ல பதினேழு விரிசல். வேணும்னா எண்ணிப் பாரு."

அடுத்த விடுமுறை நாளில் அவள் வீட்டு வைஃபை ரவுட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியிலிருந்து ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் ரவுட்டர் கணினியை எழுப்பிவிடுமாம். சமையலறையிலிருந்து தட்டினாள், எழுந்தது. மறுநாள் கடையிலிருந்து தட்டினாள், கல்லுப்பிள்ளையார் மாதிரி கிடந்தது.

அன்று மாலை அவனே தேடிக் கண்டுபிடித்தான். "தூங்குன கொஞ்ச நேரத்துல ரவுட்டர் என்னை மறந்துடுதும்மா."

"உங்களை இல்ல, கம்ப்யூட்டரை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

கணினியின் முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக எழுதி வைத்தாள். அடுத்த நாள் பதினொரு மணிக்குத் தட்டினாள். அரை நிமிடத்தில் அழைப்பு வந்தது. "எழுந்துட்டேன்!" என்று திரை முழுக்கச் சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அழைப்புக்குப் பஞ்சமில்லை. வெயில் முகத்தில் அடிக்கிறது. மூக்கில் ஈ.

"ஈயை நான் இங்கேருந்து எப்படிங்க ஓட்டுறது?"

"சும்மா சொன்னேன்."

பேசுவதற்காக அவள் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டு முதலாளி இரண்டு முறை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த இரைச்சலுக்குள் தனக்கென்று எட்டு மணி நேரம் இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதுவும் போயிற்று, அதுவும் தன் கையாலேயே.

ஒரு வியாழக்கிழமை ஃபோனில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணைந்தது. கணினி தூங்கிவிட்டது. அவள் பார்த்தாள். தட்டவில்லை. ஒரு லென்ஸ் முடித்தாள், இன்னொன்றும் முடித்தாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் விரல் போயிற்று.

"லேட்டாயிடுச்சே?"

"லைன் கிடைக்கலங்க."

அவன் பார்வை சீலிங்குக்குப் போய்த் திரும்பியது. பிறகு, "இனிமே பதினொண்ணுக்கும் மூணுக்கும் மட்டும் எழுப்பு. நடுவுல விட்டுடு," என்றான்.

"சரி."

அந்தச் 'சரி' அவ்வளவு வேகமாக வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைத் துடைத்தாள். அவன் யாருக்காக அப்படிச் சொன்னான் என்று கேட்க வாய் வரவில்லை.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. பதினொன்றையும் மூன்றையும் அவள் ஒரு நிமிடம்கூடத் தவறவிட்டதில்லை.