கோபக்காரி என்றொரு புகார்

அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அவள் பதவியேற்ற அன்று, சாப்பாட்டு அறையிலிருந்த மற்ற மூன்று நீதிபதிகளும் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். வந்ததே ஒரு செய்தித்தாள்தான். அதை எப்படிப் பங்கு போட்டார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

முதல் இரண்டு வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு புகார் நிரூபணமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கென்றே வரிந்துகட்டிக்கொண்டு நின்றார் பெரிய வக்கீல். அவள் ஆறு வருடம் அவரிடம் ஜூனியராக இருந்தவள். வாதங்களை எழுதியது அவள். பேர் வாங்கியது அவர். இப்போது அவள் வரும்போது எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த மனுஷனுக்கு அது ஜீரணமாகவில்லை.

"அம்மாவுக்குப் புரியற மாதிரி மெதுவா சொல்றேன்" என்றுதான் தினமும் ஆரம்பிப்பார். மற்ற வக்கீல்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை குரலை உயர்த்திச் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார். பல்லைக் கடித்துக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்பாள். கடித்த கடியில் கடைவாய்ப் பல் ஒன்று விண்டே போனது.

கடைசியில் அவரே பொறுமை இழந்து புகார் எழுதினார். இந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, எடுத்ததற்கெல்லாம் கோபம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அதே மாதம் அவர் நடத்திய வழக்கு ஒன்று அவளிடம் தீர்ப்புக்கு வந்தது. வாடகைக் கடையிலிருந்து திடீரென்று விரட்டப்பட்ட ஒரு தையல்காரிக்காக அவர் வாதாடியிருந்தார், படு மோசமாக. மூன்று மாத நோட்டீஸ் இல்லாமல் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர் அதுவரை புரட்டவே இல்லை. அவள் புரட்டினாள்.

"தோக்கடிச்சு விட்டுடேன். யார் கேக்கப் போறா?" என்றார் கணவர்.

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கடை தையல்காரிக்கே என்று தீர்ப்பெழுதினாள். புகாருக்குப் பயந்துவிட்டாள் என்று வராந்தா முழுக்கப் பேச்சு.

கடையின் சொந்தக்காரர் மேல்முறையீடு செய்தார். அவருடைய வக்கீல் அந்தப் புகாரின் நகலைத் தேடிப் பிடித்து மேல்நீதிமன்றத்தில் நீட்டினார். "தீர்ப்பு சொன்னவங்களுக்குச் சட்டமே தெரியாதாம். எதிர்த்தரப்பு வக்கீலே எழுதியிருக்கார், பாருங்க!"

பெரிய வக்கீலுக்கு வேர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் அவளுடைய சட்ட அறிவை இரண்டு மணி நேரம் புகழ்ந்தார். புகாரையும் வாபஸ் வாங்கினார். தீர்ப்பு நின்றது. அவள் வேலையும் நிரந்தரமானது.

உத்தரவு வந்த மறுநாள் இளித்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். "உனக்காகத் தொண்டை கிழிய வாதாடினேன்மா. நான் இல்லேன்னா உன் வேலை நிலைச்சிருக்குமா?"

அவள் எழுந்து கதவை அகலத் திறந்தாள்.

"வெளிய போய்யா!"

வராந்தாக் கோடிவரை கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பிறகு பத்தொன்பது வருடம் எத்தனையோ தீர்ப்பு சொன்னாள். மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு அது ஒன்றுதான் என்பாள்.