பிரீசரில் இருந்த பங்கு

மூடி வெளிறிய ஐஸ்கிறீம் டப்பா ஒன்று. பனிக்கட்டி அதன்மேல் கரையான் புற்றுப்போல ஏறி, ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. முரசுமோட்டையில் என் மனைவியின் தங்கை வீட்டுப் பிரிஜ்ஜில் அதை முதலில் கண்டது, கதவின் ரப்பர்ப் பட்டியைச் சவர்க்காரத் தண்ணீரால் எப்படித் துடைப்பது என்று காட்டப் போன அன்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. அரச மருந்துக் களஞ்சியத்தில் தடுப்பூசிகளைக் குளிரில் காத்தே தலை நரைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு பரிசோதிக்க மிஞ்சியவை சொந்தக்காரரின் குசினிகள்தான். பிரிஜ்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவேண்டும். பனி விரல் தடிப்புக்கு வந்தால் மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, தானாக உருகவிடவேண்டும். கத்தியால் குத்தினால் வாயு போய்விடும். பிறகு அது பிரிஜ் இல்லை, அலுமாரி.

மச்சாள் எல்லாவற்றுக்கும் "ஓம் அத்தான்" என்றாள். உருகவிட மட்டும் சம்மதிக்கவில்லை. டப்பாவுக்குள் இருந்தது இறால் கறி.

"எப்ப வைச்சது?"

"போன வருசம். தம்பியின்ரை பிறந்தநாளுக்கு."

தம்பி என்று அவள் சொல்வது தன் ஒரே மகனை. போரின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக ஓடும்போது அவள் கையிலிருந்து நழுவிப் போனவன். செத்தான் என்று சொல்ல ஆளில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. செத்தவர்களுக்கென்றால் அவர்கள் விரும்பியதைச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைப்போம். மச்சாள் படைக்கமாட்டாள். படைத்தால் அவன் செத்தவனாகிவிடுவான். அதனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இறால் வாங்கிச் சமைத்து, அவன் பங்கைப் பிரீசரில் வைப்பாள். அடுத்த வருடம் புதிய பங்கு உள்ளே போகும். பழையதைச் சூடாக்கித் தானே சாப்பிடுவாள்.

"விசரே உமக்கு? சமைச்ச கறி மூண்டு மாசத்துக்கு மேலே நிக்காது."

"பிள்ளை மிச்சம் வைச்சால் தாய்தானே அத்தான் சாப்பிடுறது. உங்கடை ஊசி மருந்தே இது, பழுதாப் போக?"

நான் துணியை எடுத்து ரப்பர்ப் பட்டியைத் துடைக்கத் தொடங்கினேன். கரண்ட் நின்ற நாட்களில் அவள் அந்தக் கதவை ஒருவரையும் தொடவிடமாட்டாள். அதில் மட்டும் என் நல்ல மாணவி. வருத்தக்காரர் படுத்திருக்கும் வீடுபோல அங்கே கதை தணிந்துவிடும். கரண்ட் வந்து மோட்டர் உறுமினால், யாரோ வந்து சைக்கிளை நிறுத்தியதுபோல அவள் வாசலைப் பார்ப்பாள்.

இந்த வருடம் மச்சாள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் பிரிஜ் கிளிநொச்சிக்கு, எங்கள் குசினிக்கு வந்தது. டப்பாவை மீன்காரரின் ஐஸ் பெட்டியில் வைத்து, மனைவி மடியிலேயே கொண்டுவந்தாள்.

நேற்று அவன் பிறந்தநாள். எல்லா முறைகளும் தெரிந்த நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குப்பையில் போட்டால் அது வெறும் பழங்கறி. காகத்துக்கு வைத்தால் அவன் கதை அத்தோடு முடிந்தது. மனைவி அதைப் பறித்துச் சட்டியில் கவிழ்த்து அடுப்பில் வைத்தாள்.

"நீர் சாப்பிடப் போறீரோ?"

"பின்னே? நான் அவன்ரை பெரியம்மா. தாய் இல்லாட்டில் மிச்சம் எனக்குத்தான்."

"வயித்துக்கு ஏதும் செய்தால்?"

"செய்யட்டும். பெரிய மருந்துக்காரர் பக்கத்திலை நிக்கிறியள்தானே, பாருங்கோ."

சோற்றில் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பிறகு அன்றைக்குப் புதிதாகச் சமைத்து இறக்கிய கறியில் பெரிய இறால்களாகப் பொறுக்கி, கழுவிய டப்பாவில் போட்டாள். சூடு ஆறட்டும் என்று மட்டும் சொன்னேன். ஆறும்வரை இருவரும் அதன் முன்னால் இருந்தோம். பிறகு நானே எழும்பி, பிரீசரைத் திறந்து, உள்ளே வைத்தேன்.