எட்டாம் ரேக்கு, மூன்றாம் தட்டு

ரிக்கார்டு ரூமில் காலம் தள்ளியவர்களே, ஊர்க்காரர் நிலத்தைப் பேர் சொல்லிக் கேட்பார், சர்க்கார் அதற்கு ஒரு நம்பர் வைத்திருக்கும், அதன் காகிதக் கட்டு கிடப்பதோ ஏதோ ஒரு ரேக்கில். மூன்றையும் முடிச்சுப் போடுவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

எந்தக் காடு?

திண்டுக்கல்லில் நான் இருந்த ஆபீசுக்குக் கன்னிவாடியிலிருந்து காளியம்மாள் வந்தார். கொழுந்தனார் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டு, அவருடைய கிணற்றைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாராம். திங்கட்கிழமை கோர்ட்டில் நிலத்தின் படத்தைக் காட்டாவிட்டால் கிணறு போய்விடும். சர்வே நம்பர் கேட்டேன்.

"நம்பரு எதுக்குய்யா? ஊத்துக்காடுன்னா காக்கா குருவிக்கும் தெரியும்."

கம்பி வலைக்கு உள்ளே

பக்கத்துக் காட்டுக்காரர்களின் பெயரைக் கேட்டு, ஒருவழியாக நம்பரைப் பிடித்தேன். எட்டாம் ரேக்கு, மூன்றாம் தட்டு என்றது பதிவேடு. போய்ப் பார்த்தால் அங்கே நத்தத்துப் புளியந்தோப்பின் கட்டு.

முன்பெல்லாம் கம்பி வலைக்கு வெளியே நின்று கேட்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். நான் மந்தம் என்று புது மேனேஜர் வக்கீல் குமாஸ்தாக்களை உள்ளேயே விட்டுவிட்டார். அவர்களில் சவரிமுத்து என்னைவிட வேகமாக எடுப்பார், கை போன தட்டில் வைப்பார். அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ரூமுக்குள்ளதான் சார் இருக்கும், கட்டுக்கென்ன காலா மொளச்சிருக்கு?"

சனிக்கிழமை

ஆபீஸ் அரை நாள்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்த தட்டையே மறுபடி பார்த்தேன், தும்மினேன், ஏணியில் ஏறினேன், எதற்கு ஏறினேன் என்று மறந்து இறங்கினேன். நத்தத்துக் கட்டு இருந்த கதையை நான் சொல்லக் கேட்டுவிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் காளியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு திட்டு வாங்கியிருக்கலாம். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"ஏய்யா, எங்க எடத்துல நத்தத்துக் கட்டு ஒக்காந்திருக்குன்னா, அதோட எடம் சும்மாத்தான கெடக்கும்? அங்க பாத்தீகளா?"

பதிவேட்டில் நத்தத்துக் கட்டின் இடத்தைத் தேடினேன். இரண்டாம் ரேக்கு, முதல் தட்டு. ஊத்துக்காடு அங்கேதான் இருந்தது. சவரிமுத்து இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறார். கிணறு காளியம்மாளின் எல்லைக்குள்தான். ஆபீஸ் மூடுவதற்குள் நகலைக் கையில் கொடுத்தேன். கிணற்றைக் குறிக்கும் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டூண்டு வட்டத்துக்கா இம்புட்டுப் பாடு?"

விஷயம் தெரிந்து, திங்கட்கிழமை மேனேஜரே வலைக்கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார். அதைக் கன்னிவாடிக் காளியம்மாளுக்கு அனுப்பியிருந்தால் ஆபீஸ் உருப்பட்டிருக்கும்.